இடாப்பில் ஒரு வரி

கொட்டியாரக் குடாவின் கதை – 31

மூதூர் இறங்குதுறையில் காலையில் லாஞ்ச் ஏறினால் குடாவைக் கடந்து திருகோணமலை நகரத்தில் கால் வைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை தரைவழியாக வருவதென்றால் பாதை ஏற வேண்டும். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றி ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவை. காற்றும் மழையும் கூடினால் லாஞ்சும் ஓடாது, பாதையும் ஓடாது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு அலுவல் என்று கிளம்பிய மூதூர்க்காரருக்கு அன்றைய பகல் முழுக்கப் போய்விடும். கடல் தொழில் செய்பவர் என்றால் அன்றைய மீன் போச்சு. கூலி வேலை என்றால் அன்றைய சம்பளம் போச்சு. “ஐயா, இந்த முறை இடாப்பில என்ட பேர் விடுபட்டுப் போச்சு” என்ற ஒற்றை வசனம் ஜி.எஸ். (கிராம சேவகர்) மட்டத்தில் தீராவிட்டால், அதைச் சொல்ல இத்தனை தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது.

சென்ற இதழில் 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தன் கொடியை இறக்கித் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்ததோடு நிறுத்தியிருந்தேன். அடுத்ததாகக் கடற்படைத் தளத்தின் பிற்காலக் கதையை எதிர்பார்த்தவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கப்பல்களையும் எண்ணெய்த் தாங்கிகளையும் பற்றி எழுத எழுத, இந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த சனங்களின் தலைவிதியை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானித்த ஒரு புத்தகத்தைப் பேசாமல் விடுகிறேன் என்ற உறுத்தல் கூடிக்கொண்டே வந்தது. அந்தப் புத்தகம் வாக்காளர் இடாப்பு. இன்று கைப்பேசியில் அடையாள அட்டை எண்ணைத் தட்டி அதில் நம் பெயரைத் தேடலாம், விண்ணப்பத்தையும் இணையவழியே அனுப்பலாம். இந்த வசதி எங்கள் மாவட்டத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறுவதற்காகவும் ஏறாமல் போனதாலும் என்னென்ன நடந்தன என்று பார்க்க வேண்டும்.

1978 அரசியலமைப்பின் 88ஆவது உறுப்புரையை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். தகுதியீனம் எதுவும் இல்லாத ஒவ்வொருவரும் தேருநராக இருக்கத் தகைமை உடையவர் என்று அது முதலில் சொல்கிறது. சொன்ன கையோடு, உரிய இடாப்பில் பெயர் பதியப்பட்டாலன்றி எவரும் வாக்களிக்க உரித்துடையவர் அல்லர் என்றும் சொல்லிவிடுகிறது. உரிமை பிறப்போடும் குடியுரிமையோடும் வந்துவிடுகிறது. ஆனால் அது கையில் கிடைப்பது யாரோ ஓர் அலுவலர் ஒரு வரி எழுதும்போதுதான். எங்கள் நூற்றாண்டுக் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நடந்தது.

அந்த வெளி ஒரு காலத்தில் ஏறமுடியாத மலையாக இருந்தது. 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சட்டநிரூபண சபையில் ‘படித்த இலங்கையருக்கு’ என்று முழுத் தீவுக்கும் ஒரேயொரு ஆசனத்தைக் கொடுத்தது. 1911 டிசெம்பரில் அந்த ஆசனத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று தெரிவானார். அந்தத் தேர்தலின் மொத்த வாக்காளர் மூவாயிரத்தை எட்டவில்லை. ஆங்கிலமும் சொத்தும் இல்லாத திருகோணமலை மீனவரோ தம்பலகாமத்து விவசாயியோ அந்த இடாப்பின் பக்கம் எட்டிப் பார்த்திருக்க முடியாது. பின்னாளில் எல்லோருக்கும் வாக்கு என்ற பேச்சு வந்தபோது அதே இராமநாதன் அதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் மறைக்காமல் எழுதியாக வேண்டும். அவர் நம் பெரியவர். இந்த ஒரு விடயத்தில் அவர் பிழையான பக்கத்தில் நின்றார்.

அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்தது. 1931இல் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரான்சில் பெண்களுக்கு அது கிடைக்க 1944 ஆயிற்று. திருகோணமலையும் மட்டக்களப்பின் ஒரு பகுதியும் சேர்ந்து அரசாங்க சபைக்கு ஒரே தொகுதி. யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை நடத்தியதால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. கிழக்கில் அந்தப் பகிஷ்கரிப்பு இல்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி, எழுத வாசிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்துச் சீட்டைப் போடலாம் என்று அன்றைய வாக்களிப்பு நடந்தது.

ஊர் ஊராகப் பெயர் திரட்டும் பொறுப்பு தலைமைக்காரர்களிடம் இருந்தது. காணி எல்லை, பிறப்பு இறப்பு, மாட்டுத் திருட்டு என்று எல்லாவற்றுக்கும் மக்கள் போய் நின்ற அதே விதானையார்தான் இப்போது யார் வாக்காளர் என்றும் எழுதினார். 1963இல் அந்தப் பரம்பரை முறை போய்ப் பரீட்சை எழுதி நியமனம் பெறும் கிராம சேவகர் வந்தார். இன்று அந்தப் பதவிக்குக் கிராம உத்தியோகத்தர் என்று பெயர். இருந்தும் எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றைக்கும் அவரை விதானையார் என்றே அழைக்கிறார்கள். பழக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகும் ஒருவரின் அதிகாரம் பெயர் மாறியதால் குறைந்துவிடாது.

1931இன் வாக்குரிமை எல்லோருக்கும் என்று பேசப்பட்டாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு வேறு வாசல் வைக்கப்பட்டது. இலங்கையே தன் நிரந்தர வதிவிடம் என்று காட்ட வேண்டும்; அல்லது எழுத்தறிவும் சொத்தும் வேண்டும்; அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். ‘எங்கே வசிக்கிறாய்?’ என்ற கேள்வி வெறும் முகவரி கேட்பதாக இல்லாமல், ‘நீ யாருடைய ஆள்?’ என்ற கேள்வியாக மாறியது அப்போதுதான். மலையகத்துக்கு மட்டுமான கேள்வியும் அல்ல அது. துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வேலை செய்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு பொழிந்தபோது செத்தவர்களிலும் ஓடியவர்களிலும் எவர் எந்த ஊர்க்காரர் என்று எவரும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளில் சட்டம் கேட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தீவில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தகப்பனின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்ட முடிந்தவர் அன்றைய கூலிக் குடும்பங்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இத்தனை ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்ததாக நிரூபித்தால் பதிவுமூலம் பிரசாவுரிமை தரலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர். அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசை அல்லாதவரின் பெயர் இடாப்பில் இருக்கக்கூடாது என்று முடித்தது. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஒரு சமூகம், அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியாமல் ஆனது. எவரையும் நாடுகடத்தவில்லை, எவரையும் சிறையில் போடவில்லை. ஒரு புத்தகத்தைப் புதிதாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்கை நம் பாடசாலைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது ஒரு மனிதனின் பெயர் ஒரு பட்டியலில் இல்லை என்பதிலிருந்து எழுந்த வழக்கு. கேகாலைப் பக்கம் ருவன்வெல்ல தேர்தல் தொகுதியின் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன்பிள்ளை என்பவர் கேட்டார். பதிவு அலுவலரான முதநாயக்க, நீர் பிரசை என்று நிரூபிக்கவில்லை என்று மறுத்தார். கோடகன்பிள்ளை விடவில்லை, மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரத்திடம் முறையிட்டார். அவர், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக்கூடாது என்ற அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவைச் சுட்டி, இந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேருங்கள் என்று கட்டளையிட்டார். இடாப்புத் திருத்தும் சாதாரண வேலையில் அமர்ந்திருந்த ஓர் அலுவலர் பாராளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாது என்று எழுதிய அந்தத் துணிச்சலை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் கட்டளை நிலைக்கவில்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும், யார் பிரசை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிய வேலை என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளியது.

இதற்கும் திருகோணமலைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பிரசாவுரிமைச் சட்டங்களின் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகம் அதிலிருந்து பிரிந்தார். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள்: ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. 1947இல் காங்கிரஸின் எஸ். சிவபாலனைத் தெரிவு செய்திருந்த தொகுதி இந்த முறை என். ஆர். இராசவரோதயத்தைத் தெரிவு செய்தது. இடாப்பிலிருந்து தூக்கப்பட்டவர்களுக்காகக் குரல் கொடுத்த கட்சியைக் காப்பாற்றியவர்களில் இந்தக் குடாவின் கரையில் இருந்தவர்களும் அடக்கம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் வந்த காலத்தில் இங்கே இடாப்பின் கதை எண்ணிக்கையின் கதையாயிற்று. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. 1946 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவராக இருந்த சிங்களவர் 1981இல் மூன்றில் ஒருவர். 1960இலிருந்து மூதூர் இரண்டு உறுப்பினரைத் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஆளுக்கொருவரை அனுப்ப அது வழி விட்டது. 1977 தேர்தலுக்கு முன் நடந்த எல்லை நிர்ணயம் சேருவிலவைத் தனித் தொகுதியாக்கியது. வாக்களிக்கும் வயது 1959இலேயே 21இலிருந்து 18ஆகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு குடியேற்றத் திட்டமும் ஒவ்வொரு எல்லைக்கோடும் கடைசியில் இடாப்பின் பக்கங்களில் வந்து படிந்தன. அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் இடாப்பைச் சும்மா ஒரு அலுவலகத் தாளாகப் பார்க்கவில்லை. கணக்கெடுப்புக் காலத்தில் மூன்று சமூகத்தாரும் தத்தம் ஊரின் எண்ணிக்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எண்ணப்படாமல் விடப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1949 எல்லோருக்கும் காட்டியிருந்தது.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டம் இன்றுவரை நடக்கும் முறைக்கு அடிப்படை. ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படும். 2021வரை ஜூன் முதலாம் திகதியே தகுதிபெறும் திகதி. அன்று நீங்கள் எங்கே ‘சாதாரணமாக வதிகிறீர்களோ’ அங்கேதான் உங்கள் பெயர். ஜி.எஸ். வீட்டுக்கு வீடு பி.சி. படிவத்தைக் கொண்டுவருவார். வீட்டின் பிரதான குடியிருப்பாளர் அதை நிரப்பிக் கையெழுத்து வைப்பார். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. மேசையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆச்சியின் பெயரில் தொடங்கி ஒவ்வொரு பெயராக எழுதுவார். என் பெயர் முதன்முதலாக ஏறிய ஆண்டில் அவர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவில் இருக்கிறது.

அந்த முறையின் நல்லதும் கெட்டதும் அந்த மேசையிலேயே இருந்தன. எவரும் எங்கும் அலைய வேண்டியதில்லை. அரசாங்கம் வாசலுக்கு வந்தது. ஆனால் எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் பலர். மருமகள் எந்த வீட்டில் எழுதப்படுவாள்? வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் எழுத ஒத்துக்கொள்வாரா? இந்தியாவில் 1951–52இன் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் சொன்ன பெண்களில் ஏறத்தாழ 28 இலட்சம் பேரை நீக்கிவிட்டார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதில் கடுமையாக இருந்தார்; அடுத்த தேர்தலுக்குள் நிலைமை திருந்தியது. பிரித்தானியாவில் 2014வரை வீட்டுக்கு ஒருவர் எல்லோரையும் பதியும் முறையே பெரும்பாலும் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதியும் முறை வந்தது, இணையவழிப் பதிவும் அதோடு சேர்ந்தே வந்தது. இணையத்தில் முதலில் இறங்கியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், 2002இல். இந்தியா 2015 சனவரி 25ஆம் திகதி, வாக்காளர் தினத்தன்று, தன் தேசிய இணையவாயிலைத் திறந்தது. எல்லா இடத்திலும் நடந்த மாற்றம் ஒன்றுதான்: வீட்டுத் தலைவர் எழுதிய வரியை ஒவ்வொருவரும் தானே எழுதத் தொடங்கினார்கள்.

எங்களுக்கு அந்த மாற்றம் வருவதற்கு முன் யுத்தம் வந்தது.

1983 யூலையில் திருகோணமலை நகரம் எரிந்தது. 1984 டிசெம்பரில் மாவட்டத்தின் வடக்கு மூலையிலுள்ள தென்னமரவாடியிலிருந்து மக்கள் இரவோடு இரவாக ஓடினார்கள். அந்த ஊருக்கு மக்கள் திரும்பத் தொடங்கியது யுத்தம் முடிந்த பிறகுதான். பலர் படகேறித் தமிழ்நாட்டிலுள்ள மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கும் இந்த மாவட்டத்துக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியிருந்தவர்களில் பலருக்குப் பிரசாவுரிமையே இன்னும் தீராமல் இருந்தது. அது தீர 1988இலும் 2003இலும் தனித்தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. ‘சாதாரண வதிவிடம்’ என்ற சொற்றொடரை இவர்கள் முன்னால் வைத்துப் பாருங்கள். ஊரில் வீடு இல்லை. இருக்கும் இடம் முகாம். முகாம் என்பது வதிவிடமா? 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் திருகோணமலையில் அது முழுமை பெறவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் இந்த மண்ணில் யார் இருக்கிறார் என்பதற்கு ஓரளவாவது சாட்சி சொன்னது, ஓட்டை ஒடிசலோடு இருந்த அந்த இடாப்புத்தான்.

2004இல் வாக்களிக்க அடையாள அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது தேவையாகவே இருந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளிக் கரையிலும் உயிர் தப்பியவர்களின் அலுமாரி, அலுமாரிக்குள் இருந்த பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் சேற்றோடு போயின. உயிரோடு நிற்கும் மனிதர் தான் யார் என்று முதலில் நிரூபித்து, அதன்பின் எங்கே வசிக்கிறார் என்று நிரூபித்து, அதன்பின்னர் வாக்காளர் ஆக வேண்டியிருந்தது.

மூச்சு வாங்கி முடிவதற்குள் 2006. ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டுவீச்சு. ஓகஸ்டில் மூதூரிலிருந்து பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓட்டம். மூதூர் மக்கள் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். சம்பூர்க்காரருக்கு அது அமையவில்லை. 2007 மே மாதம் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் தகரக் கொட்டில்களில் ஆண்டுகள் உருண்டன. சொந்த ஊர் கூப்பிடு தூரம். போக அனுமதி இல்லை. 2015இல் காணிகள் விடுவிக்கப்பட்டுத் திரும்பும்வரை ஒன்பது வருடம். இப்படிப்பட்டவர்களை முகாமின் விலாசத்தில் எழுதினால், நீ இனி அந்த ஊர்க்காரன் அல்ல என்று அரசாங்கப் புத்தகத்தில் எழுதியதாகாதா? பழைய ஊரின் விலாசத்தில் எழுதினால், ஆளில்லாத ஊருக்கு வாக்காளரா என்று ஒருவர் ஆட்சேபனை போட மாட்டாரா? 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய ஊரின் இடாப்பிலேயே பதிய வழி செய்தது. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தாலும், அந்தச் சட்டத்தை ஒரு நல்ல செயலாகவே கருதுகிறேன். ‘எங்கே வசிக்கிறாய்?’ என்று கேட்ட அரசு முதன்முறையாக ‘எங்கே வசித்திருப்பாய்?’ என்று கேட்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் போதும். அரசியலமைப்பின்படி 225 ஆசனங்களில் 160ஐ மாவட்டங்களுக்குப் பங்கிடுவது இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். யுத்த காலத்தில் சரிவரத் திருத்தப்படாமல் கிடந்த யாழ். தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் 2010 சனவரியில் 721,359 பெயர்கள். இறந்தவர், புலம்பெயர்ந்தவர், எங்கே என்று தெரியாதவர் எல்லோரையும் கழித்துத் திருத்திய பின் 2015 சனவரியில் 529,239. 2010இல் ஒன்பது உறுப்பினரை அனுப்பிய மாவட்டம் 2015இல் ஏழு பேரையும் 2024இல் ஆறு பேரையுமே அனுப்ப முடிந்தது. திருகோணமலைக்கு நான்கு ஆசனங்கள். ஒரு சில ஆயிரம் பெயர்கள் விடுபட்டாலும் ஒரு சமூகத்தின் குரல் பாராளுமன்றத்தில் கேட்குமா கேட்காதா என்பது மாறிவிடக்கூடிய இடம் இது.

இப்போது இணையவழிப் பதிவுக்கு வருகிறேன். 2015இல் 19ஆவது திருத்தத்தின் கீழ் அமைந்த தேர்தல்கள் ஆணைக்குழு, பழைய திணைக்களத்திடமிருந்து ஜி.எஸ். முறையையும் படிவங்களையும் அப்படியே பெற்றுக்கொண்டது. அதன் மேல்தான் இணையம் வந்து அமர்ந்திருக்கிறது. மும்மொழியிலும் தளம் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் உங்கள் பெயர் எந்தப் பிரிவில், எந்த வீட்டு விலாசத்தில் பதியப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். இந்த ‘பார்க்கலாம்’ என்பதை, ‘பதியலாம்’ என்பதைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். இடாப்பு பிரதேச செயலகத்திலும் ஜி.எஸ். அலுவலகத்திலும் எப்போதும் காட்சிக்கு வைக்கப்பட்டுத்தான் வந்தது. ஆனால் குறித்த சில நாள்களில், அலுவலக நேரத்தில், போக முடிந்தவருக்கு மட்டுமே அது காட்சி. வெருகலில் இருக்கும் ஒருத்தி இரவு சாப்பாடு முடிந்தபின் பிள்ளையின் போனில் தன் பெயரைத் தேடிப் பார்க்கிறாள் என்பது, இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய எந்த ஆளுநர் காலத்திலும் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இன்னொரு நன்மை எங்கள் பெயர்களைப் பற்றியது. முன்னெழுத்து ஒரு இடத்தில் தகப்பன் பெயருக்கும் இன்னொரு இடத்தில் ஊர்ப் பெயருக்கும். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், இடாப்பில் வேறொன்று. முஸ்லிம் பெயர்களுக்குத் தமிழில் மூன்று விதமாக எழுத்து. பெயரை வைத்துத் தேடினால் இல்லாமல் போகும் ஆள், எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடுகிறார். 1972இலிருந்து வழங்கப்பட்டு வரும் அடையாள அட்டை, சோதனைச் சாவடிகளில் எங்களுக்கு எவ்வளவோ கசப்பைத் தந்த பொருள். அதே எண் இன்று இந்த ஒரு விடயத்தில் எங்கள் பக்கம் நிற்கிறது.

2021இல் சட்டமும் திருத்தப்பட்டது. தகுதிபெறும் திகதி பெப்ரவரி முதலாம் திகதிக்கு மாறியது. அதன் பிறகு 18 வயதை எட்டும் இளையோரைத் துணை இடாப்புகளில் சேர்க்க வழி வந்தது. முன்பெல்லாம் ஜூன் இரண்டாம் திகதி பிறந்தநாள் வரும் பிள்ளை ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு தேர்தலே நடந்து முடிந்துவிடலாம். திகதி மாற்றத்தில் கடல் தொழில் செய்பவர்களின் கண்ணுக்கு மட்டும் படக்கூடிய ஒரு விடயமும் இருக்கிறது. ஜூன் மாதம் எங்கள் கரையில் கடல் அமைதி; நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாடிகள் குச்சவெளி தொட்டு வடக்கே நிறைந்திருக்கும். பெப்ரவரியில் அவர்கள் தங்கள் ஊரில் இருப்பார்கள். யார் எங்கே சாதாரணமாக வதிகிறார் என்று கேட்பதற்குப் பெப்ரவரி எங்கள் கரைக்குப் பொருத்தமான மாதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இணையம் தீர்க்காத பகுதியையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் போனில் போனாலும், இந்த ஆள் இந்த விலாசத்தில் இருக்கிறாரா என்று உறுதிசெய்பவர் அதே ஜி.எஸ்.தான். அது தேவையும்கூட, எவரும் எங்கிருந்தும் எந்த ஊருக்கும் தன்னைப் பதிந்துகொள்ளலாம் என்றால் இந்த மாவட்டத்தில் அதன் விளைவு என்னவாகும் என்று மூன்று சமூகத்தாருக்கும் தெரியும். ஆனால் இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பம் அந்த உறுதிப்படுத்தலுக்கு முன்னால் பிறப்புப் பதிவு, பிரசாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை என்று மூன்று கதவைத் திறக்க வேண்டும். அந்த மூன்று கதவும் இன்னும் கச்சேரிப் பக்கமே இருக்கின்றன. கட்டாரில் வேலை செய்யும் கிண்ணியாப் பிள்ளை தன் பெயர் இடாப்பில் இருப்பதைத் தோஹாவிலிருந்து பார்த்து மகிழலாம். 2024 தேர்தல்களில் வாக்களிக்க வேண்டுமானால் விமானம் ஏறி வந்தே ஆக வேண்டியிருந்தது. போனே கையாளத் தெரியாத முதியவர்களுக்கு வாசலுக்கு வரும் படிவத்தின் அருமை குறையவே இல்லை. இணையம் வந்துவிட்டது என்பதற்காக அந்த வாசல் வருகை படிப்படியாக நின்றுபோக விடக்கூடாது. அதை நான் அழுத்தியே சொல்வேன்.

2024 இடாப்பின்படி நாட்டில் வாக்காளர் 1 கோடி 71 இலட்சத்துக்கு மேல். திருகோணமலை மாவட்டத்தில் 315,925 பேர். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும், புல்மோட்டை மணலிலிருந்து வெருகல் ஆற்றங்கரை வரை, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அந்த வரிகளில் சில தென்னமரவாடிக்கும் சம்பூருக்கும் உரியவை. முகாமின் விலாசத்திலிருந்து சொந்த ஊரின் விலாசத்துக்குத் திரும்பி வந்த வரிகள் அவை.

அடுத்த இதழில் கடற்படைத் தளத்துக்குத் திரும்புவோம்: 1957க்குப் பிறகு வேலை இழந்த டொக்யார்ட் தொழிலாளர் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)